கூட்டில் வளரும் கொடுவா தீன் எடுக்காதது ஏன்?

திருகோணமலைக் குடாவில் வலைக்கூட்டில் வளர்க்கும் கொடுவா மீன் தீன் எடுக்காமல், விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். செக்கச்செவேலென்று இருக்கவேண்டியது வெளிறி, சளி பிடித்திருந்தால் செவுளில் ஒட்டி வாழும் ஒட்டுண்ணியான தட்டைப்புழுவைச் சந்தேகிக்கலாம். வெறுங்கண்ணுக்கு எளிதில் அகப்படாது; செவுளில் ஒரு துண்டை நுணுக்குக்காட்டியில் வைத்தால் நெளிவது தெரியும்.

புழு கொக்கியால் பற்றிக்கொண்டு அரிக்க, செவுள் இழைகள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்சிசன் சரியாக உள்ளே போகாது. விடியலில் தண்ணீரிலும் ஒட்சிசன் குறைவு, அதனால்தான் அந்த நேரத்துத் திணறல். உடம்பில் சேரும் உப்பை வெளியேற்றுவதும் செவுள்தான், அதுவும் கெடும். புண்ணில் பக்டீரியா புகுந்தால் சாவு கூடும்.

புழுவைப் போக்க நன்னீர்க் குளியல் கொடுக்கலாம், அதாவது மீனைச் சற்று நேரம் நன்னீரில் விடலாம்; கொடுவா தாங்கும். ஆனால் புழுவின் முட்டைகள் வலையில் சிக்கிக் கிடந்து அப்புறம் பொரிக்கும். வலையை மாற்றாமல் மீனை மட்டும் குளிப்பாட்டுவது வீண் வேலை; சில நாள் கழித்து இன்னொரு குளியலும் வேண்டும்.