குழம்புச் சட்டியும் நீள மேஜையும்

வணக்கம் ஐயா,

செல்லூரிலிருந்து எழுதுகிறேன். நண்பர்கள் சேர்ந்து 12 நிமிடக் குறும்படம் எடுத்தோம். பத்து வருடம் வாழ்ந்த புருஷன் பெண்டாட்டி பிரியும் கதை. மூன்று சண்டைக் காட்சிகள். நடித்தவர்கள் நிஜமாகவே அழுதார்கள். ஆனால் போட்டுக்காட்டியபோது கூட்டம் நெளிந்தது, ஒருவர் சிரித்தேவிட்டார். ‘சிட்டிசன் கேன்’ சாப்பாட்டு மேஜைக் காட்சி மாதிரி ஒன்று எடுத்துச் சேர்க்கலாம் என்கிறான் எடிட்டர் நண்பன். செய்யலாமா?

க.

அன்புள்ள க.,

அனுப்பிய படத்தை இரண்டு முறை பார்த்தேன். சிரித்தவரைக் குறை சொல்ல மாட்டேன். இவ்வளவு சத்தமாகச் சண்டை போடுகிறவர்கள் அடுத்த வாரம் ஒன்றாக அழகரைப் பார்க்கப் போய்விடுவார்கள் என்று மதுரைக்காரனுக்குத் தெரியும்.

நண்பர் சொன்னது நல்ல காட்சிதான். 1941இல் அந்தப் படத்தின் இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் ஒரு கல்யாணத்தின் பல வருடங்களை மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிட்டார். கேமரா சட்டென்று பக்கவாட்டில் சுழலும், எல்லாம் கலங்கும். தெளியும்போது காலம் போயிருக்கும், உடையும் குரலும் மாறியிருக்கும். கடைசியில் பேச்சே இல்லை. மனைவி கையில் புருஷனுடைய பத்திரிகைக்குப் போட்டிப் பத்திரிகை. அப்போதுதான் கேமரா பின்வாங்கி மேஜையின் நீளத்தைக் காட்டும்.

உங்கள் ஜோடி இருப்பதோ வளவு வீட்டில், ஒற்றை அறையில். நீள மேஜைக்கு எங்கே போவீர்கள்? விலகி உட்கார இடமில்லாத வீட்டில் பரிமாறும் கையைத்தான் பார்க்க வேண்டும். முதலில் அவள் எதிரில் உட்கார்ந்து கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றுவாள். அடுத்ததில் நின்றபடி. அப்புறம் குழம்புச் சட்டியை அவன் பக்கம் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள். பிறகு மூடிவைத்த தட்டு மட்டும். எல்லாம் ஒரே இடம், ஒரே கோணம். கோணத்தை மாற்றினால் கண் கேமராவிடம் போய்விடும்.

சத்யஜித் ராயின் ‘சாருலதா’வில் (1964) புருஷன் புத்தகத்தில் மூழ்கியபடி மனைவியைக் கடந்து போவான். அவள் கைப்பிடி வைத்த தொலைநோக்கிக் கண்ணாடியை உயர்த்தி அவன் முதுகைப் பார்ப்பாள். சண்டையும் இல்லை, கண்ணீரும் இல்லை.

உங்கள் படத்திலேயே அப்படி ஒன்று இருந்தது, அநியாயமாக வெட்டிவிட்டீர்கள். இரண்டாம் சண்டை முடிந்து அவள் மகளிடம் “அப்பாவச் சாப்பிட வரச் சொல்லு” என்கிறாள். அவன் இரண்டடி தள்ளித்தான் நிற்கிறான். பிள்ளை திரும்பும்போதே கட். வசனம் முடிந்ததும் ஷாட்டும் முடிந்தது என்று யார் சொல்லிக்கொடுத்தது? அந்தப் பிள்ளை சொல்வதா வேண்டாமா என்று முழிப்பதல்லவா படம்! மிச்சம் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும், தேடுங்கள். மூன்று சண்டையில் ஒன்று போதும். வயலினை எடுத்துவிடுங்கள், பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நன்றாகவே பதிவாகியிருக்கிறது.

பரிமாறும் ஷாட்டுகளை எடுக்கக் கிளம்புவதற்கு முன்னால், மகளாக நடித்த பிள்ளைக்கு இதற்குள் எங்கேயாவது மொட்டை போட்டுவிட்டார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.