சாக்பீஸ் வட்டம்

அன்புள்ள ஐயா,

காட்பாடியில் வங்கி வேலையில் இருக்கிறேன். வீரர்கள் ஆட்டத்தில் பயன்படுத்திய பொருட்களைச் சேர்ப்பது என் பைத்தியம். போன தீபாவளி சமயம், ஓர் ஐ.பி.எல். வீரர் ஆடிய மட்டை என்று ஒன்றை 85,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். 25 வருட அனுபவமுள்ள நிபுணர் கையெழுத்திட்ட சான்றிதழ், பளபளக்கும் ஹாலோகிராம் ஸ்டிக்கர் எல்லாம் உண்டு. நண்பர்கள் சிரிக்கிறார்கள். வீட்டில் பேச்சே இல்லை. டாக்டர் சொன்னால் நம்புகிறோம், நிபுணர் சொன்னால் நம்பக் கூடாதா? நம்பகமான நிபுணர்கள் யார்? இது நல்ல முதலீடுதானா?

ச., காட்பாடி

அன்புள்ள ச.,

முதலீட்டுக் கேள்வியை விட்டுவிடுவோம். வங்கிக்காரர் அதை என்னிடம் கேட்பது நாட்டுக்கு நல்லதல்ல. நிபுணர்கள் பெயரும் தர மாட்டேன். தந்தால் அதையும் இப்படியே கண்ணை மூடிக்கொண்டு நம்புவீர்கள். வீட்டுப் பேச்சு தானாகத் திரும்பும், ஒரு வாரம் மட்டையைப் பரண்மேல் போடுங்கள்.

போன மாதம் மாமாவின் திதிக்காகப் பேரணாம்பட்டு போய்வந்தேன். அன்றிலிருந்து அவர் நினைப்பாகவே இருக்கிறது. உங்கள் கடிதம் வந்ததும் அவரே எதிரில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. அதனால்தான் உடனே பதில்.

முதலில் அந்த டாக்டர் உதாரணத்துக்கு உங்களைத் திட்ட வேண்டும். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி இருக்கிற ஊர்ப்பக்கத்தில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? அங்கே டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, 'இதோ இந்தக் கோடு, இங்கேதான் விரிசல்' என்று காட்டுவதைப் பார்த்ததில்லையா? சந்தேகமிருந்தால் அதே படத்தை எடுத்துக்கொண்டு இன்னொருவரிடம் போகலாம். உங்கள் நிபுணர் எதைக் காட்டினார்? சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது? 'ஆட்டத்தில் பயன்படுத்தப்பட்டது' என்று ஒரு வரி, கீழே கையெழுத்து. எந்த ஆட்டம், எந்தத் தேதி, எதை வைத்துச் சொல்கிறார் என்று ஒரு வார்த்தை உண்டா? இருந்திருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள். அவருடைய 25 வருடத்தை மட்டும் மறக்காமல் எழுதியிருக்கிறீர்கள்.

மாமா பேரணாம்பட்டில் ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், அசார்ட்டர். தோலைத் தரம் பிரிக்கிற வேலை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட ஆட்டுத்தோல் கட்டுக்கட்டாக வரும். வடக்குப் பார்த்த ஜன்னலடியில் மேஜை. ஒவ்வொரு தோலையும் விரித்து, முதுகுப் பக்கம் உள்ளங்கையை ஓட்டி, கட்டைவிரலால் அழுத்தி மடித்துப் பார்ப்பார். உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கீறல், சூட்டுக்குறி, உரிக்கும்போது விழுந்த கத்திவெட்டு. ஒரு தோலுக்கு அரை நிமிஷம் ஆகாது. நாலு மணிக்குமேல் மேஜையைத் தொடமாட்டார். 'சாயங்கால வெளிச்சத்துல பாத்தா எல்லாத் தோலும் ஃபர்ஸ்ட்டுதான் மாப்ள' என்பார்.

நான் சொல்ல வந்தது அவருடைய சாக்பீஸைப் பற்றி. குறை கண்ட இடத்திலெல்லாம் ஒரு வட்டம் போடுவார். மூன்றாம் தரம் என்று தள்ளுகிற தோலில் ஏன் மூன்றாம் தரம் என்பது வட்டம் வட்டமாகத் தெரியும். நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன்கூட வந்து பார்க்கலாம். ஒருமுறை தோல் வாங்க வந்தவர் ஒரு வட்டத்தைக் காட்டி, 'இது உண்ணி இல்ல, பதனிட்டதுக்கு அப்புறம் ஆணியில மாட்டுன ஓட்டை' என்றார். மாமா குனிந்து பார்த்தார். சட்டைக் கையால் வட்டத்தைத் துடைத்துவிட்டு, தோலை மேல்கட்டில் போட்டார். அவ்வளவுதான். முப்பது வருட அனுபவம் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. வட்டம் இருந்ததால்தான் வந்தவரால் எதிர்த்துப் பேச முடிந்தது. வட்டமில்லாமல் 'மூன்றாம் தரம்' என்று மட்டும் சொல்லியிருந்தால் எதை எதிர்ப்பது, ஆளையா?

இந்தச் சேகரிப்பு உலகத்தில் அமெரிக்கர்கள் பட்ட அடி கொஞ்சமல்ல. 1990களில் அந்நாட்டுப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. ஒரு போலிக் கையெழுத்துக் கும்பலைப் பிடித்தது, 'ஆபரேஷன் புல்பென்' என்று பெயர். சான் டியாகோ அணியின் பேஸ்பால் வீரர் டோனி க்வின், தன் அணியின் கடையிலேயே தன் பெயரில் போலிக் கையெழுத்துகள் விற்பதைப் பார்த்துச் சொன்னார். பிடிபட்ட சரக்கில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்துகூட இருந்தது. சிரிக்காதீர்கள். அந்தக் கும்பலின் சரக்கும் சான்றிதழோடுதான் விலைபோனது.

அதற்குப் பிறகு, 2001இல், அங்கே பெரிய பேஸ்பால் போட்டிகளை நடத்தும் மேஜர் லீக் பேஸ்பால்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். நிபுணரைத் தேடவில்லை. பணியில் இருக்கிற, ஓய்வுபெற்ற போலீஸ்காரர்களை மைதானத்திலேயே உட்கார வைத்தார்கள். ஆட்டத்திலிருந்து வெளியே வருகிற பந்து அவர்கள் கண்ணெதிரே கை மாறி வரும், எண் போட்ட ஹாலோகிராம் ஸ்டிக்கரை அங்கேயே ஒட்டுவார்கள். பந்தின் வயதைப் பற்றி அந்தப் போலீஸ்காரருக்கு ஒரு கருத்தும் கிடையாது. அவர் பார்த்தார், அவ்வளவுதான். அவர் சாட்சி. உங்கள் நிபுணர் சாட்சியல்ல, ஊகிக்கிறவர். உங்கள் ஹாலோகிராமும் அவர்களுடைய ஹாலோகிராமும் பார்வைக்கு ஒன்றுபோல் மின்னும், அதுதான் வம்பு.

சாட்சி இல்லாத பழைய பொருளுக்கு ஊகம்தான் வழி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊகத்திலும் வட்டம் போடுகிறவர்கள் உண்டு. 1986 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா கையால் கோல் போட்ட ஆட்டம். அன்று மரடோனா போட்ட சட்டையை, ஆட்டம் முடிந்ததும் இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹாட்ஜ் தன் சட்டைக்கு மாற்றாக வாங்கி வைத்திருந்தார். 2022இல் ஏலத்துக்கு வந்தபோது மரடோனாவின் மகள், அது முதல் பாதியில் போட்டது, கோல்கள் விழுந்த இரண்டாம் பாதிச் சட்டை அல்ல என்றார். ஏலக்காரர்கள் தங்கள் பெருமையைப் பேசவில்லை. சட்டையின் சின்னம், கோடுகள், எண் ஒட்டப்பட்ட விதம் எல்லாவற்றையும் அன்றைய புகைப்படங்களோடு வைத்து ஒப்பிட்டதைச் சொன்னார்கள். 71 லட்சம் பவுண்டுக்குப் போனது. ஏற்காதவர்கள் இன்னும் இருக்கலாம், ஆனால் அவர்கள் எந்த இடத்தில் ஏற்கவில்லை என்று விரல் வைத்துச் சொல்ல இடமிருக்கிறது.

நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், உங்களை மட்டும் திட்டினால் நியாயமில்லை. முதல் சம்பளத்தில் சென்னையில் ஒரு வியாபாரியிடம் ஒரு ஜோடி பேட்டிங் கையுறை வாங்கினேன். ஒரு டெஸ்ட் வீரர் சேப்பாக்கத்தில் போட்டது என்று சான்றிதழ். மாமாவிடம் பெருமையாகக் காட்டினேன். கிரிக்கெட்டில் அவருக்கு எத்தனை பந்துக்கு ஓர் ஓவர் என்றுகூடத் தெரியாது. வலது கையுறையை உள்பக்கம் பிதுக்கி, உள்ளங்கைத் தோலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

'இன்னாடா இது, வேர்வையே காணோம்?' என்றார். 'உப்பு ஏறுன தோலு காஞ்சா வெறச்சிக்கும். வெரலு மடியுற எடத்துல வெடிப்பு வுழும். புடி அழுத்துற எடம் தேயும், மத்த எடம் தேயாது. இதப் பாரு, எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி அழுக்கு.' ஒவ்வொரு இடமாக நகத்தால் தொட்டுக் காட்டினார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார். 'டீத்தண்ணில ஊறப் போட்டுகிறான். மோந்து பாரு.'

மோந்து பார்த்தேன். டீ.

உங்கள் மட்டைக்கு வருகிறேன், மறந்தே போய்விட்டது. ஸ்டிக்கரைப் பார்க்காதீர்கள், அதை எந்த மட்டையிலும் ஒட்டலாம். முகப்பில் மேலிருந்து கீழாக ஓடும் கிரெயின் கோடுகளை, அதாவது மரத்தின் இழைக் கோடுகளை, எண்ணுங்கள். எது வளைகிறது, எங்கே முடிச்சு, எந்த இரண்டுக்கு நடுவே அகலம் என்று பாருங்கள். வில்லோ மரத்தில் அது கைரேகை மாதிரி, இரண்டு மட்டைக்கு ஒன்றாக அமையாது. அந்த வீரரின் ஆட்டப் படங்களில் முகப்பு தெளிவாகத் தெரிகிற ஒன்றைத் தேடிப் பக்கத்தில் வையுங்கள். உங்கள் நிபுணருக்கும் எழுதுங்கள்: எந்தப் படம், எந்தக் கோடு? பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள். கோபம் வந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

கையுறைகளில் ஒன்றை அத்தை எடுத்துக்கொண்டாள். பல வருடம் அடுப்பிலிருந்து குக்கர் இறக்க அதுதான். இன்னொரு கை என்னிடம் இருக்கிறது, சான்றிதழோடு.