ஜவ்வரிசிக் கஞ்சி, வரக்காப்பி, போர் தண்ணீர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, "என்ன சத்தாகச் சாப்பிடலாம்?" என்பதுதான். சத்து எதில் இருக்கிறது என்று எல்லோருக்கும் ஓரளவு தெரிகிறது. அதை எதனோடு சேர்த்து, எப்போது சாப்பிடுகிறோம் என்பதில்தான் கோட்டை விடுகிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

பேத்திக்கு எட்டு மாதம். மூன்று வேளையும் ஜவ்வரிசிக் கஞ்சி கொடுக்கிறோம். நன்றாகத்தான் குடிக்கிறாள், எடை ஏற மாட்டேன் என்கிறது. (ஆத்தூரிலிருந்து ஒரு பாட்டி)

அம்மா, அவள் குடிப்பது மாவுச்சத்தும் தண்ணீரும்தான். உங்கள் ஊர்ப் பக்கம் சேகோ ஃபேக்டரிகளில் பார்த்திருப்பீர்கள். மரவள்ளிக் கிழங்கை அரைத்து, பாலை வடித்து, திப்பியை ஒதுக்கிவிட்டு, அடியில் தங்கும் மாவை மட்டும் எடுத்து உருட்டுகிறார்கள். நூறு கிராம் ஜவ்வரிசியில் சுமார் 350 கலோரி கிடைக்கும். புரதம் ஒரு கிராம்கூடத் தேறாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டு வரத்து நின்றபோது இங்கே வேர்பிடித்த தொழில் அது. பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. சேலத்துக்காரியான நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வளரும் பிள்ளைக்கு அது மட்டும் போதாது.

கஞ்சி எவ்வளவு தண்ணீராக இருக்கிறது என்றும் பாருங்கள். எட்டு மாதக் குழந்தையின் வயிறு சின்னது. நீர்த்த கஞ்சி அரை டம்ளர் போனாலே ரொம்பிவிடும். கரண்டியைச் சாய்த்தால் கஞ்சி தண்ணீர் போல ஒழுகக் கூடாது, மெதுவாக நழுவி விழ வேண்டும். அரிசியோடு ஒரு கை பாசிப்பருப்பை வறுத்துப் போட்டுக் குழைய வேகவைத்து, இறக்கும்போது ஒரு ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ விடுங்கள். ஒரு வேளை வேகவைத்த முட்டையை மசித்துக் கொடுங்கள். முட்டை ஒரு வயதுக்குப் பிறகுதான் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆறு மாதம் முடிந்ததும் தரலாம். தாய்ப்பாலும் இரண்டு வயது வரை தொடரட்டும்.

அப்புறம், அங்கன்வாடியில் தரும் சத்துமாவு பாக்கெட்டை வீட்டில் யார் சாப்பிடுகிறார்கள்? கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் போன வீடுகள் பலவற்றில் அது பெரியவர்களின் சாயங்கால உருண்டை ஆகியிருந்தது. ஒரு மாதம் இப்படிக் கொடுத்தும் எடை ஏறாவிட்டால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

குச்சிக்கிழங்கு (மரவள்ளி) சாப்பிட்டால் தைராய்டு வரும் என்கிறார்களே? (வாழப்பாடி)

எப்போதாவது அவித்துத் தின்றால் வராது. கிழங்கில், முக்கியமாகத் தோலிலும் இலையிலும், சயனைடை வெளிவிடும் பொருள் இருக்கிறது. இலையை மேய்ந்து ஆடு செத்த கதை உங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தோலை நன்றாகச் சீவி, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பெரும்பகுதி போய்விடும். கசக்கும் கிழங்கைத் தொடாதீர்கள்.

மீதமிருக்கும் நஞ்சை உடல் தயோசயனேட்டாக மாற்றி வெளியேற்றுகிறது. அது தைராய்டுக்குப் போக வேண்டிய அயோடினைத் தடுக்கும். சாப்பாட்டில் அயோடின் போதுமான அளவு இருந்தால் பிரச்சினை இல்லை. ஆகவே அயோடின் உப்பு வாங்குங்கள். மூடிய டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். சமையல் முடியும்போது போடுங்கள்.

இந்த நஞ்சை முறிக்கக் கந்தகம் உள்ள புரதமும் வேண்டும். 1981இல் மொசாம்பிக்கின் நம்புலா பகுதியில் கடும் வறட்சி. வேறு சாப்பாடு இல்லாமல், கசப்புக் கிழங்கைச் சரியாகப் பதப்படுத்தவும் பொறுமையில்லாமல் தின்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கால் விறைத்து நடை போனது. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் தட்டில் மீனோ பயறோ இருந்திருந்தால் இவ்வளவு மோசமாகியிருக்காது. உங்கள் வீட்டில் கிழங்கோடு மீன் குழம்பு வைப்பீர்கள் என்றால் விடாதீர்கள்.

ஏற்காட்டில் எஸ்டேட் வேலை. ஏழாம் மாதம். ரத்தம் 8.6 என்றார்கள். மூன்று மாதமாக மாத்திரை, கீரை எல்லாம் சாப்பிட்டும் ஏறவில்லை.

தங்கச்சி, நீ தனி ஆள் இல்லை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுக்குள்ளான தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 இருக்க வேண்டும்.

மலையில் வேலை பார்த்த காலத்தில் உன்னைப் போல ஒருவர் வந்தார். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றால் தலையாட்டினார். பையைக் கொண்டு வரச் சொன்னேன். மஞ்சள் துணிப்பைக்குள், ரேஷன் கார்டுக்கு அடியில், நாலு அட்டை முழுசாக இருந்தன. ஐந்தாவதில் மூன்று குழி காலி. "வெளிக்குக் கறுப்பாப் போவுதுங்க, பயந்துட்டேன்" என்றார். கறுப்பாகப் போவது இரும்பு மாத்திரைக்கு இயல்பு என்று ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. அட்டையைக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

போட்ட அந்த மூன்றையும் எப்படிச் சாப்பிட்டார் தெரியுமா? காலையில் வரக்காப்பியோடு. காப்பி, டீயில் உள்ள பொருள்கள் இரும்பைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காப்பி, டீ வேண்டாம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே 2024இல் சொல்லியிருக்கிறது. குளிர்காலத்தில் காலை ஆறு மணிக்குக் காட்டில் நிற்பவளிடம் காப்பியை நிறுத்து என்று சொல்ல எனக்கு மனசு வராது. காப்பியைக் காலையில் குடி. மாத்திரையை ராத்திரி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, எலுமிச்சைத் தண்ணீரோடு போடு. மலையில் ஆரஞ்சு கிடைக்கும் மாதத்தில் ஒரு பழம் தின்றாலும் சரி. கால்சியம் மாத்திரையை அதோடு சேர்க்காதே, அது மதியத்துக்கு.

கீரை நல்லதுதான், ஆனால் அதிலிருக்கும் இரும்பில் கொஞ்சம்தான் உடலில் சேரும். கறி, மீன், கருவாட்டில் இருப்பது சுலபமாகச் சேரும். வெறுங்காலோடு தோட்டத்தில் நடந்தால் கொக்கிப்புழு காலின் தோல் வழியாகவே ஏறிக் குடலில் ரத்தம் உறிஞ்சும். செருப்புப் போட்டுக்கொள். பூச்சி மாத்திரை பற்றி டாக்டரிடம் கேள். முதல் மூன்று மாதம் தாண்டிவிட்டதால் கொடுப்பார்கள். உனக்கு நாள் குறைவு. மாத்திரையைச் சரியாகச் சாப்பிட்டும் ஏறாவிட்டால் இரும்புச்சத்தை நரம்பில் ஏற்றுவார்கள். அடுத்த பரிசோதனை வரை காத்திராமல் இந்த வாரமே போய்க் கேட்டுவிடு.

போர் தண்ணீர்தான் குடிக்கிறோம். பையன் பல்லில் பழுப்புக் கோடு. கொதிக்க வைத்தால் சரியாகுமா? (ஓமலூர்)

ஆகாது. பல்லில் கோடு போடுவது தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடு என்ற உப்பு. அது கொதித்தால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடும். ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 1.5 வரை. சேலம், தருமபுரிப் பக்கத்துப் பாறையிலேயே இது இருக்கிறது. ஆழமாகத் தோண்டினால் நல்ல தண்ணீர் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கொடுத்துப் பரிசோதியுங்கள். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆற்றுத் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ போதும். குளிக்க, துவைக்க போர் தண்ணீரே இருக்கட்டும்.

பழுப்பு, பல் முளைப்பதற்கு முன்பே உள்ளே பதிந்தது. தேய்த்தால் போகாது, பையனைத் திட்டாதீர்கள். சின்னவள் இருந்தால் அவளுக்கு இன்றே தண்ணீரை மாற்றுங்கள். வீட்டுப் பெரியவர்களை, முட்டியை மடக்காமல் தரையில் கிடக்கும் காசை எடுக்கச் சொல்லுங்கள். மோவாயை நெஞ்சில் தொடச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் ஃப்ளோரைடு எலும்பையும் தொட்டிருக்கலாம், டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வயிற்றுப்போக்கு வந்தால் சோற்றை நிறுத்தலாமா?

கூடாது. ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். பாதியைக் கொட்டி டம்ளரில் கலக்கும் பழக்கம் ஆபத்து. டப்பாவில் விற்கும் பழச்சுவை பானம் வேறு, இது வேறு. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகாலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த தண்ணீரையே டிரம்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். காலரா சாவு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து ஸ்பூன் ஸ்பூனாக. கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள். போக்கு நின்றதும் நிறுத்தக் கூடாது. கண் குழிந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, குழந்தை குடிக்கவே மறுத்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

விளம்பரத்தில் வரும் சத்து பவுடர் வாங்கலாமா?

டப்பாவின் பின்பக்கம் சர்க்கரை எவ்வளவு என்று படித்துவிட்டு முடிவெடுங்கள். கால்சியத்துக்கு என்றால், நூறு கிராம் கேழ்வரகில் அதே எடைப் பாலைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் இருக்கிறது.

சுகர் இருக்கிறது. மல்கோவா சீசன். ஒன்றே ஒன்று?

ஒரு சின்னத் துண்டு, ஐயா. வயிறு முட்டச் சோறு சாப்பிட்ட உடனே வேண்டாம், ஜூஸாக வேண்டவே வேண்டாம். மல்கோவாவில் ஒன்று என்பது எவ்வளவு பெரிசு என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.