அன்னாட்டோ விதை சாப்பாட்டுக்குப் பின் காணாக்கடி

கேள்வி: செயற்கைச் சாயம் வேண்டாம் என்று, அன்னாட்டோ விதையை எண்ணெயில் காய்ச்சிச் சமையலுக்கு நிறம் சேர்த்துவருகிறேன். அப்படிச் சமைத்த சாப்பாட்டுக்குப் பிறகு, என் 8 வயது மகளுக்கு இரண்டு முறை ஒரு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து அரித்தது. இயற்கைப் பொருள்கூட ஒவ்வாமை தருமா, டாக்டர்?

பதில்: தரும். உணவு ஒவ்வாமையைப் பெரும்பாலும் தூண்டுவது புரதம். பால், முட்டை, வேர்க்கடலை எல்லாம் இயற்கையானவைதானே? அன்னாட்டோவின் செம்மஞ்சள் நிறத்துக்குக் காரணம் பிக்ஸின் என்ற நிறமி. விதையிலிருந்து அதோடு புரதமும் சிறிது வந்துவிடலாம். காணாக்கடி (இப்படித் தோல் தடித்துச் சிவந்து அரிப்பது) மட்டுமல்ல, அரிதாக உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையும் இதனால் வந்திருப்பது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

அதற்காக இதுதான் காரணம் என்று நான் முடிவுகட்டவில்லை. குழந்தைகளுக்குச் சாதாரண வைரஸ் காய்ச்சலோடும் காணாக்கடி வரும். ஆனால் இரண்டு முறையும் ஒரு மணி நேரத்துக்குள் வந்தது என்கிறீர்களே, அதை அலட்சியம் செய்ய எனக்கு மனமில்லை. அந்த இரண்டு நாளும் அவள் சாப்பிட்டது, குடித்தது, விழுங்கிய மாத்திரை எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். உதடோ நாக்கோ வீங்கினால், குரல் கம்மினால், மூச்சு இரைத்தால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.

அவளுக்கு இப்போதைக்கு அன்னாட்டோ வேண்டாம். 'துளி கொடுத்துப் பார்ப்போமே' என்று வீட்டில் சோதிக்கவே கூடாது. அந்தச் சோதனை ஒவ்வாமை மருத்துவர் முன்னிலையில்தான் நடக்க வேண்டும். சீஸ், வெண்ணெய், மார்கரின், ஐஸ்கிரீம் இவற்றிலும் இந்த நிறம் இருக்கலாம். லேபிளில் அன்னாட்டோ, பிக்ஸின், நார்பிக்ஸின், ஈ160பி (E160b) என்று எது இருந்தாலும் பொருள் ஒன்றே.

ஒவ்வாமை இல்லாத மற்றவர்கள் பயப்பட வேண்டியதில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 6 மில்லிகிராம் வரை பிக்ஸினைத் தினமும் உட்கொள்ளலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் வரையறுத்தது. சமையலுக்கு எடுக்கும் ஒரு சிட்டிகை அந்த அளவை நெருங்காது. பிக்ஸின் எண்ணெயில் கரையும் என்பதால் நீங்கள் செய்யும் முறை சரியானதே. தீயை மட்டும் குறைத்து வையுங்கள். எண்ணெய் செம்மஞ்சளானதும் இறக்கி வடிகட்டிவிடுங்கள். விதை கருகினால் கசக்கும், நிறமும் கெடும். வெளிச்சம் பட்டாலும் வெளுக்கும் என்பதால் இருட்டான இடத்தில் வையுங்கள். வெந்த விதையும் கல்போலத்தான் இருக்கும், பல்லுக்கு ஆகாது.

கேரட் நிறம்போல இருப்பதால் இதில் வைட்டமின் ஏ கிடைக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். பிக்ஸினும் கேரட்டின் நிறமியைப் போலக் கரோட்டினாய்டு வகைதான், ஆனால் உடல் அதை வைட்டமின் ஏ-வாக மாற்றுவதில்லை. இதன் விதையையோ இலையையோ மருந்தாகக் கஷாயம் வைத்துக் குடிப்பது வேறு விஷயம். கர்ப்பிணிகளுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, மீதமுள்ள விதையை அது வந்த பொட்டலத்தோடு எடுத்துச் செல்லுங்கள். பரிசோதனைக்கு அதே விதை தேவைப்படலாம்.