அந்த இடிந்த மண்டபம் எந்த ஊர்?

கேள்வி: மகனைப் பார்க்கப் பாரிஸ் போயிருந்தபோது லூவர் அருங்காட்சியகத்தில் பழைய எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்றைப் பார்த்தேன். கூரை இடிந்த நீண்ட மண்டபம். ஒரு சிலை மட்டும் முழுசாக நிற்கிறது. அது ரோமா, கிரேக்கமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டும் இல்லை. நீங்கள் சுற்றி வந்த அதே லூவர்தான்! அங்குள்ள கிராண்ட் கேலரி என்ற நீண்ட மண்டபம் என்றாவது பாழடைந்தால் எப்படியிருக்கும் என்று பிரெஞ்சு ஓவியர் யூபேர் ரொபேர் 1796இல் வரைந்த கற்பனை. இத்தாலியில் பதினோரு வருடம் தங்கி இடிபாடுகளாக வரைந்து தள்ளியவர். 'இடிபாட்டு ரொபேர்' என்றே பட்டப்பெயர்.

கதை இனிமேல்தான். லூவர் அரண்மனையை அருங்காட்சியகமாக்கும் வேலையில் மன்னர் காலத்திலேயே இருந்தவர் இவர். பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1793 ஆகஸ்டில் அருங்காட்சியகம் திறந்தது; அக்டோபரில் ஆளைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். மனிதர் அங்கேயும் சும்மா இருக்கவில்லை, சாப்பாட்டுத் தட்டுகளில் படம் தீட்டினார். அதே பெயருள்ள வேறொரு கைதியின் தலை போனதால்தான் இவர் தலை தப்பியது என்றொரு கதையும் உண்டு. புரட்சித் தலைவர் ரோபெஸ்பியர் வீழ்ந்தபின் 1794இல் விடுதலை.

அப்புறம் பழையபடி லூவர் வேலை. 1796 கண்காட்சியில் இரண்டு படங்களை ஜோடியாக வைத்தார். ஒன்றில், கூரையில் கண்ணாடி பதித்து மேலிருந்து வெளிச்சம் விழும்படி கேலரியை மாற்றும் திட்டம். இன்னொன்றில் அதே கேலரி, மேலே வெறும் வானம். வீட்டு பிளானோடு அந்த வீடு இடிந்து கிடக்கும் படத்தையும் சேர்த்து நீட்டும் இன்ஜினியரை நினைத்துப் பாருங்கள்! சிறைவாசத்தின் கசப்பு என்பார்கள் சிலர். எனக்கு அது குசும்பாகத்தான் படுகிறது. இத்தனை இடிபாட்டுக்கு நடுவிலும் சிலையைப் பார்த்து வரைய ஒரு ஓவியனை உட்கார வைத்திருக்கிறாரே!

நீங்கள் பார்த்த சிலை கிரேக்கக் கடவுள் அப்போலோ. படம் வரைந்தபோது அது லூவரிலேயே இல்லை, ரோமில் வாத்திகனில் இருந்தது. நெப்போலியன் தயவில் 1798இல் பாரிஸ் வந்து, அவர் வீழ்ந்ததும் ஊர் திரும்பிவிட்டது. படத்தில் கீழே கிடப்பது மைக்கேலாஞ்சலோவின் 'சாகும் அடிமை'. அது லூவரிலேயே, டெனோன் பகுதியின் தரைத்தளத்தில் இருக்கிறது. அடுத்த முறை மகன் டிக்கெட் அனுப்பினால் விட்டுவிடாதீர்கள்.