ஃபர்னஸ் நின்று நின்று ஓடுகிறது. வந்தவர் ‘வெடிப்பு’ என்கிறார்

கேள்வி: டொரொன்டோவின் ஸ்காபரோவில் வீடு வாங்கி மூன்று வருடங்கள் ஆகின்றன. வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸ் 2011இல் பூட்டியது. இரண்டு வாரமாக ஐந்து நிமிடம் எரிந்துவிட்டு அணைகிறது. காற்று மட்டும் வருகிறது. பிறகு மீண்டும் பற்றுகிறது. இந்த நேரம் பார்த்து, பாதுகாப்புப் பரிசோதனை என்று ஒருவர் கதவைத் தட்டினார். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “நெருப்பின் சூட்டைக் காற்றுக்கு மாற்றுகிற ஹீட் எக்ஸ்சேஞ்சர் வெடித்துக் கீறல் விட்டுவிட்டது. இரவில் கார்பன் மோனாக்சைடு கசிந்தால் பிள்ளைகள் எழும்பமாட்டார்கள். மாதம் 129 டொலருக்குப் புதியதை வாடகைக்குப் பூட்டித் தருகிறோம்” என்றார். வந்து பார்த்ததற்கு மட்டும் என்று சொல்லி டேப்லெட்டில் கையெழுத்தும் வாங்கினார். கீழே பேஸ்மென்டில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. எனக்கு உறக்கமே இல்லை. உண்மையிலேயே ஆபத்தா?

பதில்: முதலில் உறக்கத்துக்கு வழி செய்வோம். கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். அதில் தயாரித்த தேதியோ மாற்றவேண்டிய தேதியோ இருக்கும். வகையைப் பொறுத்து ஏழு முதல் பத்து ஆண்டுகள்தான் அதற்கு ஆயுள். பழைய உரிமையாளர் விட்டுச்சென்றது என்றால் அநேகமாக அது செத்திருக்கும். பொத்தானை அழுத்தினால் கத்துகிறதே என்று நம்பவேண்டாம், அந்தப் பொத்தான் ஒலியையும் மின்சாரத்தையும்தான் சோதிக்கிறது. படுக்கையறைகளுக்கு அருகிலும் ஒவ்வொரு தளத்திலும் ஒன்று மாட்டுங்கள். பேஸ்மென்டில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வீட்டுக்காரர் என்ற முறையில் அது உங்கள் பொறுப்பு.

ஒன்ராறியோ மாகாணத்தில் இந்த அலாரத்துக்குச் சட்டமே வந்தது எப்படித் தெரியுமா? 2008 டிசம்பரில் வூட்ஸ்டொக் நகரில் ஹோக்கின்ஸ் குடும்பத்தின் தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் என நால்வரும் கார்பன் மோனாக்சைடுக்குப் பலியானார்கள். எரிவாயுக் கணப்பின் புகைப்போக்கி அடைத்திருந்தது. வீட்டில் அலாரம் இல்லை. அதன் பிறகும் சட்டம் நிறைவேற 2013 வரை ஆனது. ஐம்பது டொலருக்குள் கடையில் கிடைக்கிற பொருளுக்கு ஐந்து வருட விவாதம்!

அலாரம் குறைந்த அளவு வாயுவுக்குக் கத்தாது என்பதையும் மனதில் வையுங்கள். வீட்டுக்குள் தலைவலி, குமட்டல், தலைச்சுற்று, வெளியே போனால் சரியாகிறது என்றால் அலாரத்தின் சத்தத்துக்குக் காத்திருக்கவேண்டாம். கீழே இருப்பவர்களையும் எழுப்பிக்கொண்டு வெளியேறி 911ஐ அழையுங்கள். எரிவாயு கசிந்து அழுகிய முட்டை மணம் வந்தாலும் அப்படியே; விளக்கைக்கூடத் தட்டாமல் வெளியே போய்ப் பேசுங்கள்.

இனி ஃபர்னஸுக்கு வருவோம். நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது, காற்றின் தூசியைப் பிடிக்கிற வடிகட்டியான பில்டர்தான். அது அடைத்துக் காற்று போதாமல் போனால் உள்ளே சூடு எல்லை மீறுகிறது. அதைக் காவல் காக்கிற ஒரு சுவிட்ச் நெருப்பை அணைக்கிறது. காற்றாடி மட்டும் சுற்றிச் சூட்டை வெளியேற்றுகிறது. ஆறியதும் மறுபடி பற்றுகிறது. அந்தச் சுவிட்ச் தன் வேலையைச் செய்கிறது. ஆனால் மாதக்கணக்கில் இப்படியே விட்டால், சூடேறி ஆறிச் சூடேறி, வந்தவர் சொன்ன அதே வெடிப்பு நாளைக்கு உண்மையிலேயே வந்துவிடும்.

சுவரில் உள்ள ஃபர்னஸ் சுவிட்சை அணைத்துவிட்டுப் பில்டரை உருவிப் பாருங்கள். ஓர் அங்குலத் தடிப்பு என்றால் மாதம் ஒருமுறை பார்த்து, அதிகம் போனால் மூன்று மாதத்தில் மாற்றவேண்டும். நான்கைந்து அங்குலத் தடிப்பு என்றால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம். பேஸ்மென்டில் தனிச் சமையலறை இருக்கிற வீடுகளில் எண்ணெய்ப்புகை ஏறி இன்னும் சீக்கிரமே அடைக்கும். பில்டர் ஓரத்தில் இருக்கும் அம்புக்குறி ஃபர்னஸைப் பார்த்து இருக்கவேண்டும். இருபது வருடத் தொழிலில் நான் கண்ட ‘பழுதான’ ஃபர்னஸ்களில் எத்தனையோ அழுக்குப் பில்டரால் மூச்சுத் திணறியவை. கடையில் ‘நுண்கிருமிகளையும் பிடிக்கும்’ என்று விலை கூட்டி விற்கிற மெல்லிய பில்டரும் இதே வேலையைச் செய்யும்: நெசவு அடர்த்தியானால் காற்று போகாது. வாடகைக் குடும்பம் குளிர்கிறது, சத்தம் கேட்கிறது என்று காற்றுத் துவாரங்களைக் கட்டிலாலும் பெட்டியாலும் மறைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

அடுத்தது வெளிச்சுவர். உங்களுடையதைப் போன்ற ஃபர்னஸ்களில் பிளாஸ்டிக் குழாய்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றில் புகை வெளியேறும், மற்றதில் காற்று உள்ளே போகும். பனி குவிந்தாலோ, வாயில் பனிக்கட்டி பிடித்தாலோ ஃபர்னஸ் பற்றாமலே போகலாம், பற்றியதும் அணையலாம். கையால் பனியை எடுங்கள். பனி அள்ளும் சவளால் அடித்துக் குழாயை உடைத்துவிடாதீர்கள். அதிலிருந்து வெள்ளையாக வருவது பெரும்பாலும் நீராவி. அதற்குப் பயப்படவேண்டாம்.

இதற்கு மேல் நீங்கள் எதையும் திறக்கவேண்டாம். ஃபர்னஸின் சிறு கண்ணாடித் துளையில் ஒரு விளக்கு மினுங்கும். எத்தனை முறை மினுங்கி நிற்கிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். வருகிற தொழில்நுட்பருக்கு அது பாதி வேலையைக் குறைக்கும். கதவுத் தகடு சரியாக மூடாவிட்டால் ஃபர்னஸ் ஓடாது. அங்கிருக்கும் சுவிட்சை டேப் ஒட்டி ஏமாற்றுகிற மைத்துனர்மார் எல்லா வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். அவரைக் கிட்ட விடாதீர்கள்.

இப்போது அந்த ‘வெடிப்பு’. ஹீட் எக்ஸ்சேஞ்சர் வெடிக்காது என்று நான் சொல்லவரவில்லை. 2011ஆம் ஆண்டுப் பெட்டியில் அது நடக்கலாம், நடந்தால் ஃபர்னஸை ஓடவிடக்கூடாது. ஆனால் டார்ச் வெளிச்சத்தில் இரண்டு நிமிடத்தில் அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் தொழிலின் மேதையாகத்தான் இருக்கவேண்டும். நாங்கள் உள்ளே கேமராவை விட்டுப் பார்ப்போம், காற்றாடி தொடங்கும்போது சுவாலை ஆடுகிறதா என்று பார்ப்போம், புகையிலும் வீட்டுக் காற்றிலும் கருவி வைத்து அளப்போம். வெடிப்பின் படத்தையும் அளவு எண்ணையும் கேளுங்கள். எரிவாயு வேலை செய்பவரிடம் ஜி1, ஜி2, ஜி3 என்று ஒரு சான்றிதழ் அட்டை இருக்கும். டிஎஸ்எஸ்ஏ என்ற மாகாணப் பாதுகாப்பு ஆணையத்தில் அவருடைய நிறுவனம் பதிவு பெற்றிருக்கவேண்டும். அதை ஆணையத்தின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். உடனடி ஆபத்து உண்மையானால் தொழில்நுட்பர் சிவப்பு அட்டை எழுதி எரிவாயுவை அங்கேயே மூடவேண்டும். உங்கள் வீட்டுக்கு வந்தவர் பிள்ளைகள் எழும்பமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு, ஃபர்னஸை ஓடவிட்டு, கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அவருக்கே தன் பேச்சில் நம்பிக்கை இல்லை.

மாதம் 129 டொலர் பத்து வருடத்துக்கு 15,480 டொலர். அதுவும் வாடகை ஏறாது என்று வைத்துக்கொண்டால்! சொந்தமாக வாங்கிப் பூட்டினால் பெரும்பாலும் இதில் பாதிகூட வராது. “நாங்களும் வடமராட்சிதான், அக்காவுக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வோம்” என்று ஊர் கேட்டு, பலகாரம் சாப்பிட்டு விற்கிறவர்களிடம் நம்மவர்கள் விழுந்துகொண்டே இருக்கிறார்கள். முன்பெல்லாம் வீட்டுப் பத்திரத்தின் மீதே இந்த ஒப்பந்தத்தைப் பதிந்துவிடுவார்கள். வீட்டை விற்கப்போகும் நாளில்தான் உரிமையாளருக்குத் தெரியவரும். இதைத் தடைசெய்ய மாகாண அரசுக்கு 2024 ஜூன் வரை நேரம் கிடைக்கவில்லை. கிடைத்தபோதும் பதிவுதான் செல்லாமல் போனது. ஒப்பந்தம் அப்படியே நிற்கிறது.

ஆனாலும் உங்களுக்கு நல்ல செய்தி இருக்கிறது. 2018 மார்ச் 1 முதல், அழைக்காமல் வீட்டுக்கு வந்து ஃபர்னஸ் ஒப்பந்தம் எழுதுவது ஒன்ராறியோவில் தடை. மீறி எழுதியது செல்லாது. இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைத்தான் ஓட்டையாக்கி வைத்திருக்கிறார்கள்: ஒப்பந்தம் செய்வதற்காக நீங்களே முன்கூட்டித் தொடர்புகொண்டு வரச்சொல்லியிருந்தால் தடை இல்லை. ஆகவே முதலில் தொலைபேசியில் ‘அரசு மானியம்’ என்று பேசி, “சரி, வாருங்கள்” என்று உங்கள் வாயால் சொல்லவைப்பார்கள். இலவசப் பரிசோதனைக் கூப்பனை நிரப்பவைப்பார்கள். பிறகு, “நீங்கள்தானே அழைத்தீர்கள்” என்பார்கள். அவர்கள் அழைத்து நீங்கள் தலையாட்டியது நீங்கள் அழைத்ததாகாது. அவர் வருவதற்கு முன் அப்படி ஏதாவது அழைப்பு வந்ததா, கூப்பன் நிரப்பினீர்களா என்று வீட்டில் எல்லாரிடமும், மாமியாரிடமும் சேர்த்து, கேட்டுவையுங்கள். நீங்களே அழைத்திருந்தாலும்கூட, வீட்டில் வைத்து எழுதிய ஒப்பந்தத்தின் பிரதி கைக்கு வந்ததிலிருந்து பத்து நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் ரத்துச் செய்யலாம்.

டேப்லெட்டில் எதில் கையெழுத்திட்டீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது. இன்றே மின்னஞ்சலில் பிரதி கேளுங்கள். அதே கடிதத்திலேயே, ஒப்பந்தம் ஏதும் இருந்தால் அதை ரத்துச் செய்கிறேன் என்று எழுதுங்கள். பதிவுத்தபாலிலும் ஒன்று அனுப்புங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மாகாண நுகர்வோர் பிரிவில் முறைப்பாடும் செய்யுங்கள். அங்கேயும் நிறுவனத்துக்கு முதலில் கடிதம் எழுதினீர்களா என்றுதான் கேட்பார்கள். அதற்கும் இந்த ரசீது உதவும்.

புதுப் பில்டர் போட்டு, குழாய் வாயையும் துப்புரவாக்கிய பிறகும் ஃபர்னஸ் ஐந்து நிமிடத்தில் அணைந்தால், பதிவு பெற்ற தொழில்நுட்பரை நீங்களே தேடி அழையுங்கள். முன்பு வந்தவர் சொன்ன வெடிப்பைப் பற்றி அவரிடம் முதலில் வாய் திறக்காதீர்கள். அவர் பார்த்து முடிக்கட்டும், பிறகு கேளுங்கள்.