போட்டிக் கம்பெனிக்காரரோடு என்ன பேச்சு?

கேள்வி: என் மகள் சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவுத் தலைவர். மற்ற நிறுவனங்களில் அதே பதவியில் இருப்பவர்கள் கூடிப் பேசும் கவுன்சிலில் சேர அழைப்பு வந்திருக்கிறது. ஆண்டுக் கட்டணமும் உண்டாம். போட்டிக் கம்பெனிக்காரர்களோடு உட்கார்ந்தால் தொழில் ரகசியம் போய்விடாதா? அதிகாரிகளின் அரட்டைதானே இது? - வாசகர், தங்கச்சிமடம்

பதில்: அரட்டை என்று ஒதுக்காதீர்கள். பாம்பன் விசைப்படகுக்காரர் மீன்பாடு எங்கே என்று பக்கத்துப் படகுக்குச் சொல்ல மாட்டார். ஆனால் காற்று வலுத்தால் வயர்லெஸ்ஸில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பது உங்கள் மகளுக்கும் தெரியும்.

அந்த நாற்காலி தனிமையானது. கீழே இருப்பவர்களிடம் தன் சந்தேகத்தைக் காட்ட முடியாது. மேலே இருப்பவரோ கணக்குக் கேட்பார். பயிற்சியை அளக்க அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-லேயே நான்கு படிகள் சொன்னார்: வந்தவருக்குப் பிடித்ததா, கற்றாரா, வேலையில் மாறினாரா, நிறுவனத்துக்குப் பலன் உண்டா. பல நிறுவனங்கள் கருத்துப் படிவத்தை வாங்கிக்கொண்டு முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன. லட்சக்கணக்கில் செலவழித்து விற்பனைப் பயிற்சி நடத்தியும் விற்பனை ஏறவில்லை என்றால் இவர் யாரிடம் மனம்விட்டுப் பேசுவார்? “எங்களுக்கும் அப்படித்தான் ஆனது. கற்றதைச் செய்துபார்க்க மேலாளர்கள் நேரமே கொடுக்கவில்லை” என்று சொல்ல, அதே நாற்காலியில் உட்கார்ந்த ஒருவரால்தான் முடியும். இது புதிய ஏற்பாடும் இல்லை. 1916-ல் தொடங்கிய அமெரிக்காவின் கான்பரன்ஸ் போர்டு என்ற வணிக ஆய்வு அமைப்பு இத்தகைய கவுன்சில்களை நடத்துகிறது.

உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. அதற்குத்தான் லண்டனில் 1927-ல் உருவான சாத்தம் ஹவுஸ் விதியைப் பல கூட்டங்கள் பின்பற்றுகின்றன: கேட்டதைப் பயன்படுத்தலாம், யார் சொன்னார், யார் யார் வந்திருந்தார்கள் என்று வெளியே சொல்லக்கூடாது. சம்பளம், விலை பற்றிப் போட்டியாளர்கள் கலந்து பேசுவதை உங்கள் மகள் தவிர்க்க வேண்டும். பேச்சு கூட்டுத் தீர்மானமாக மாறினால் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் குறுக்கே வரும்.

நான் பயப்படுவது ரகசியத்துக்காக அல்ல, விற்பனையாளருக்காக. பயிற்சி மென்பொருள் விற்பவர் உறுப்பினராக உள்ளே உட்கார்ந்தால், ஒவ்வொருவரின் சிக்கலும் அவருக்கு வியாபார வாய்ப்பாகிவிடும். அப்புறம் யாரும் தோல்வியைச் சொல்ல மாட்டார்கள், சாதனை மட்டும்தான் மேடையேறும். யார் யார் உறுப்பினர், செலவை யார் ஏற்கிறார் என்று சேருமுன் கேட்கச் சொல்லுங்கள். விற்பவர் தயவில் இலவசமாக நடப்பது என்றால் போகவே வேண்டாம்.

இன்னொன்று. மண்டபத்திலிருந்தும் தொண்டியிலிருந்தும் டிப்ளமோ முடித்து அந்த நிறுவனங்களில் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரப் பயிற்சி முழுவதும் ஆங்கிலத்தில் ஓடுகிறது. புரியவில்லை என்று கைதூக்க அவர்கள் கூசுகிறார்கள். இதை எந்த நிறுவனமாவது சரிசெய்திருக்கிறதா, எப்படிச் செய்தது என்று உங்கள் மகள் முதல் கூட்டத்திலேயே கேட்கட்டும். கட்டணத்தை நிறுவனம் கட்டட்டும், அவர் கைக்காசு போட வேண்டாம்.